சும்மா ஒரு சுற்று



சைக்கிள் எதற்கு? வேலைக்குப் போக. பால் கேன் கட்ட. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட. இப்படித்தான் பலரும் சொல்வார்கள். ஒரு வேலையும் இல்லாமல் சைக்கிளில் சுற்றலாமா? தாராளமாகச் சுற்றலாம். உடம்புக்கு நல்லது. மனசுக்கும் நல்லது.

கேரளத்தில் கொச்சி நகரம் இருக்கிறது. அங்கே மட்டாஞ்சேரி என்று ஒரு பழைய பகுதி. மேடு பள்ளம் இல்லாத ஊர். தெருக்கள் குறுகல். கார் திணறும் இடத்தில் சைக்கிள் சுலபமாகப் போகும்.

காலையில் கடை திறக்கும் முன்பு பஜார் சாலையில் போக வேண்டும். இரண்டு பக்கமும் பழைய கிட்டங்கிகள். சுக்கும் மிளகும் மணக்கும். போர்ச்சுகீசியர் கட்டிய அரண்மனையைப் பார்க்கலாம். 1568-இல் யூதர்கள் கட்டிய தொழுகைக் கூடமும் பக்கத்தில்தான். அங்கிருந்து கோட்டைக் கொச்சி கடற்கரை 3 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அங்கே சீன வலைகள் ஏறி இறங்கும். சற்றுச் சுற்றிப் போனால் தோபிகானா வரும். அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ்க் குடும்பத்தார். தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சுகம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் காலைக் காற்று இதமாக இருக்கும். சித்திரையில் வெயில் சுடும். விடியற்காலையில் கிளம்பி வெயில் ஏறும் முன் திரும்ப வேண்டும். இல்லையென்றால் மாலையில் போகலாம். கடற்கரைக்குப் போகும்போது காற்று எதிரே வரும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.

ஜூன் மாதம் பெருமழை தொடங்கும். மழை விட்டதும் ஊரே கழுவிவிட்டது போல இருக்கும். ஆனால் கவனம் தேவை. சக்கரம் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது. முன்கூட்டியே பிடிக்க வேண்டும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் குழி இருக்கலாம். வீடு திரும்பியதும் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு இடியோடு வரும். அப்போது காலை நேரமே நல்லது.

வெளியூர்க்காரர்களும் இங்கே வாடகை சைக்கிள் எடுக்கிறார்கள். பெரிய படகில் சைக்கிளை ஏற்றி வைப்பின் தீவுக்குப் போகலாம். 2020 நவம்பரில் கொச்சி மெட்ரோ ரயிலிலும் சைக்கிளை ஏற்ற அனுமதி வந்தது.

இந்தச் சந்தோஷம் ஆண்களுக்கு மட்டும்தானா? மட்டாஞ்சேரி இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்தில். 1990-இல் நாட்டிலேயே முதலில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் அதுதான். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அங்கே பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

சிலர் கேலி செய்தார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. பெண்கள் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அதன் முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று. யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பும் தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் வேலைக்குப் போக மட்டும் அல்ல. வேலை முடிந்த பிறகு காற்று வாங்கவும்தான். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவளே சைக்கிளில் உலாவப் புறப்பட்டால், "எங்கே போகிறாய்?" என்று கேட்பார்கள்.

"சும்மா ஒரு சுற்று" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் காரணம் வேண்டாம்.