அரை மணி நேரத்தில் இறால் மக்ரோனி, எல்லாரும் ஒண்ணா சாப்பாடு

(கடலோர ஊராட்சிகளின் மகளிர் குழுக் கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று சமையல் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சில பேர் சிரித்தீர்கள். "மீன்காரிக்கே மீன் சமைக்கக் கத்துத் தரப் போறியா?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்வி. மீன் குழம்பு வைக்க நான்தான் உங்களிடம் கத்துக்கணும். நான் பேச வந்தது குழம்பு பற்றி அல்ல, உங்கள் நேரம் பற்றி.

2019-ஆம் ஆண்டு மத்திய அரசு இந்தியா முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது. சமையல், பாத்திரம், துணி போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்த பெண் அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். செய்த ஆண் 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 5 மணி நேரம். விடியற்காலையில் ஏலத்துக்குப் போய், கூடை தூக்கி, தெருத்தெருவாக விற்றுவிட்டு வருகிற உடம்புதான் இந்த 5 மணி நேரத்தையும் தாங்குகிறது.

போன மாதம் ஒரு குழுவில், "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். ஒன்பதரை, பத்து, பத்தரை என்று பதில் வந்தது. "எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் இருந்ததைத்தான்" என்றார் ஒரு அக்கா. "மீன் இருந்துச்சா?" என்றேன். "குழம்பு இருந்துச்சு" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது சிரிக்கிற விஷயமா? மீனை ஊருக்கெல்லாம் கொடுக்கிறவள் தட்டில் மீன் இல்லை.

இப்போது சமையலுக்கு வருவோம். டிவியில் பாஸ்தா என்று காட்டுகிறார்களே, அது ஒண்ணும் அதிசயம் இல்லை. இத்தாலி நாட்டுக்காரர்களின் அன்றாடச் சாப்பாடு. கோதுமை ரவையைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காயவைத்தது. நம்ம சேமியாவும் அந்தக் குடும்பம்தான். அங்கே நேப்பிள்ஸ் என்று ஒரு துறைமுக ஊர். மட்டியைப் பூண்டு, எண்ணெயில் போட்டு, வாய் திறந்ததும் நீளமான பாஸ்தாவோடு கலந்து சாப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம். மசாலா அரைப்பது கிடையாது. ஒரு அடுப்பில் பாஸ்தா வேகும்போதே மறு அடுப்பில் கடல் உணவு தயாராகிவிடும். இந்த முறையை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம், ருசியை நம்ம நாக்குக்கு மாற்றிக்கொள்வோம்.

ஐந்து பேருக்குத் தேவையானவை: மக்ரோனி 400 கிராம், இறால் அரை கிலோ, பூண்டு 12 பல், பெரிய வெங்காயம் 2, தக்காளி 3, காய்ந்த மிளகாய் 4, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, எலுமிச்சம்பழம் 1, எண்ணெய், உப்பு. பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். டுரம் கோதுமை ரவை என்று போட்டிருந்தால் சீக்கிரம் குழையாது. மைதா என்றிருந்தால் கவனமாக வேகவைக்க வேண்டும்.

முதல் 15 நிமிடம்: 3 லிட்டர் தண்ணீரை மூடி போட்டு அடுப்பில் வையுங்கள். அது கொதிப்பதற்குள் இறாலை உரித்து, முதுகில் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, கழுவி, தண்ணீரை வடித்து வையுங்கள். பூண்டு, வெங்காயம், தக்காளி நறுக்குவதை வீட்டில் இன்னொருவர் செய்யட்டும்.

அடுத்த 10 நிமிடம்: கொதித்த தண்ணீரில் 2 தேக்கரண்டி உப்பும் மக்ரோனியும் போட்டுக் கிளறிவிடுங்கள். மறு அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் பூண்டு, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை. பூண்டு கருகக் கூடாது, கசந்துவிடும். பிறகு வெங்காயம், தக்காளி, கீரை. வதங்கியதும் இறாலைப் போட்டு 3 நிமிடம். சிவந்து சுருண்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் வெந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

கடைசி 3 நிமிடம்: மக்ரோனியை வடிக்குமுன் வெந்த தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். வடித்த மக்ரோனியை இறாலில் கொட்டி, அந்தத் தண்ணீரை விட்டுப் பிரட்டினால் சாறு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். கடல் உணவுக்குச் சீஸ் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே பெரும்பாலும் போடுவதில்லை.

இறால் விலை ஏறிய நாளில் பொடி இறால், மட்டி, கணவாய் எது கிடைத்தாலும் சரி. மட்டியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மணல் போக்குங்கள். தட்டியும் மூடாத மட்டியைச் சமைக்காதீர்கள். வெந்தும் திறக்காததைச் சாப்பிடாதீர்கள். மக்ரோனி இல்லையா? வறுத்த சேமியா போதும். இன்னும் சீக்கிரம் வெந்துவிடும். இது வாரம் ஒருநாள் சாப்பாடு, தினம் வேண்டாம். சோறும் கேழ்வரகும் நம்மிடம் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்துக்கு வரும்போது இறால் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு வராதீர்கள். விற்கிற மீனுக்கு ஐஸ் போடுகிறோம், வீட்டுக்கு எடுத்த மீனுக்கும் போடுங்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் உண்டாகிற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. காரம் போட்டு மறைக்கவும் முடியாது. இறால் ஒத்துக்கொள்ளாமல் உதடு வீங்கி, உடம்பு தடிக்கிறவர்களுக்கு அதைக் கொஞ்சம்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்த அறையில் பாதிக்குப் பாதி. இறாலில் புரதம் நிறைய. 100 கிராம் இறால் சதையில் சுமார் 20 கிராம். இரும்புச்சத்துக்கு மட்டியும் கீரையும் நல்லது. எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும்; ஒரு மணி நேரம் பொறுங்கள். ஆனால் ஒரு தட்டு மக்ரோனியில் ரத்தசோகை தீராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், கொடுக்கிற மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

இதில் முக்கியமான விஷயம் பரிமாறுவது. இது ஆறினால் ஒட்டிக்கொள்ளும், சூட்டோடுதான் சாப்பிட வேண்டும். அதனால் ஐந்து தட்டையும் ஒரே நேரத்தில் வையுங்கள். ஐந்திலும் இறாலைச் சமமாகப் பங்கிடுங்கள். உங்கள் தட்டும் அந்த ஐந்தில் ஒன்று. "நான் அப்புறம் சாப்பிடுறேன்" என்ற வார்த்தை அன்று வேண்டாம். பூண்டு உரிப்பதும் தட்டு கழுவுவதும் பெண் பிள்ளைக்கு மட்டும் எழுதி வைத்த வேலை இல்லை. பையனும் செய்யட்டும், அவன் அப்பாவும் செய்யட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வாருங்கள். எத்தனை நிமிடத்தில் சமைத்தீர்கள்? யார் யார் கூட வேலை செய்தார்கள்? நீங்கள் எத்தனை மணிக்கு, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? எழுதத் தெரியாத அக்காமார்களுக்கு ஊக்குநர் எழுதித் தருவார். கடன் தவணையைப் பதிவேட்டில் எழுதுவது போல இதையும் எழுதுவோம். மிச்சமாகும் ஒரு மணி நேரத்தில் கணக்கு நோட்டைப் பார்க்கலாம், பிள்ளையோடு பேசலாம், சும்மா காலை நீட்டிப் படுக்கலாம். அந்த நேரம் உங்களுடையது.