கண் தெரியாத பிள்ளைக்கும் கறுப்பு அங்கி உண்டு

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உதவி பெறும் பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கும் முன், எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் மஹல்லாவில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். இத்தனை காலமும் அவர்கள் பெயர் எங்கள் மாதாந்திர உதவிப் பட்டியலில்தான் இருந்தது. கல்வி உதவிப் பட்டியலில் இருந்ததே இல்லை. அரிசி கொடுத்தோம், மருந்து கொடுத்தோம். "என்ன படிக்க ஆசை?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

சென்ற ரமலானில் ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "என் மகள் வக்கீலுக்குப் படிக்கணும்ங்கறா. கண் தெரியாத பிள்ளைக்கு அது ஆகுமா?" அன்று எங்களிடம் பதில் இல்லை. அதன்பின் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஆகும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1948-இல் பிறந்த ஸக் யாகூப் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். 16 மாதக் குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சலால் பார்வையை இழந்தார். வழக்கறிஞராகி, நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்றார். 1998 முதல் 2013 வரை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதியாக இருந்தார்.

நம் நாட்டிலும் கதவு திறந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றவர்கள் நீதிபதி பணிக்கு வரவே முடியாது என்று ஒரு விதி இருந்தது. பார்வையற்ற மகனுக்காக ஒரு தாய் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, 2025 மார்ச் 3-இல் அந்த விதியை ரத்து செய்தது. ஒரு தாயின் கடிதம் சட்டத்தையே மாற்றியது.

சட்டம் தரும் உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் உண்டு. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. தேர்வில் சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கிடைக்கும். இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முக்கியம். இன்னும் எடுக்காதவர்கள் உடனே எடுங்கள்.

"கட்டுக்கட்டாகக் காகிதம் படிக்கும் தொழிலாயிற்றே" என்பீர்கள். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம் பிள்ளைகள் காதால் கேட்டே குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிஸ் ஆகிறார்கள். அந்த நினைவாற்றலுக்குச் சட்டப் பிரிவுகள் எம்மாத்திரம்?

சிரமங்களை மறைக்க மாட்டோம். படமாக ஸ்கேன் செய்த ஆவணங்களை அந்த மென்பொருள் நேரடியாக வாசிக்காது. பழைய புத்தகங்களை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ஜூனியராகச் சேர்த்துக்கொள்ளச் சீனியர்கள் தயங்கலாம். முதல் சில ஆண்டுகள் வருமானம் சொற்பம். கீழமை நீதிபதி தேர்வு எழுதவே 3 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் கூறியிருக்கிறது. பிள்ளை திறமையாக இருந்தாலும், இந்த ஆண்டுகளைத் தனியாகக் கடப்பது கடினம். அங்கேதான் ஜமாஅத் துணை நிற்க வேண்டும்.

பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் மதீனாவின் பொறுப்பையே நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்துச் சென்றார்கள். நாமோ அத்தகைய பிள்ளையைத் தனியாகக் கடைத்தெருவுக்கு அனுப்பவும் பயப்படுகிறோம்.

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கூச்சப்படாமல் எங்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், வாரம் 2 மணி நேரம் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள்.

இனி பட்டியலை வாசிக்கிறோம். ரமலானில் கேள்வி கேட்ட அந்தத் தாயின் மகள் பெயர்தான் இதில் முதலாவது.