இலை உதிரும் காலத்தில் இல்லத்தை அழகு செய்வோம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்பு பரிசு வாங்கிய பிள்ளைகளைப் பார்த்து நாம் எல்லோரும் மகிழ்ந்து கைதட்டினோம். அந்தக் கோப்பையும் புத்தகமும் இன்று வீட்டுக்குப் போகும். போய் எங்கே உட்காரும்? அரிசி டின் மேலேயா, துணி மூட்டைக்குப் பின்னாலேயா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வீட்டு அலங்காரம், கைவேலை, கொல்லைத் தோட்டம் ஆகியவற்றைப் பற்றி நாலு வார்த்தை பேச வந்திருக்கிறேன்.

குளிர் நாடுகளில் பனி உருகி வசந்தம் வந்ததும் மக்கள் வீட்டைக் கழுவிச் சாயம் பூசுவார்கள். தோட்டத்தில் விதை போடுவார்கள். நம்ம ரவாங்கில் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. ஆனால் நமக்கென்றும் ஒரு காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறக்கிறது; வெயில் தெளிகிறது. மாசி, பங்குனியில் பால்மரம் இலை சிவந்து, உதிர்ந்து, மீண்டும் துளிர் விடுகிறது. அந்த நாளில் பால் குறையும், வருமானமும் குறையும். செம்பனையிலும் ஆண்டின் முதல் மாதங்களில் குலை குறைவுதான். கையில் காசு குறைந்து, பொழுது கொஞ்சம் மீதப்படும் காலம் அது. காசு கேட்காத வேலைக்கு அதைவிட ஏற்ற காலம் எது?

“சொந்த வீடா இது? நாளைக்கே காலி பண்ணுன்னா போகணும். இதுக்கு எதுக்குங்க அலங்காரம்?” என்று சிலர் கேட்கிறார்கள். இது சோம்பேறிகள் கேட்கும் கேள்வி அன்று. வட சிலாங்கூரில் எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்துக்குப் பின்னால் தாத்தா நட்ட மாமரமும், பாட்டி வைத்த முருங்கையும் புல்டோசருக்கு இரையானதைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த வலி உண்மையானது.

ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். போருக்கு முந்திய மலாயாவின் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு தோட்டத்தில் வாழும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் செய்ய ஒதுக்க வேண்டும் என்று சொன்னது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. நிலம் பாட்டாளிக்குச் சொந்தமில்லை. அதில் விளைந்த கீரையும் வாழையும் அவன் பிள்ளைகளுக்குச் சொந்தம். சம்பளம் போதாத காலத்தில் அந்தக் கொல்லைதான் பல குடும்பங்களின் கறிச்சட்டியை நிரப்பியது. 1974-ல் அரசாங்கமே பச்சைப் புத்தகத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னது. நம் பாட்டிமார் அதை முன்பே செய்துகொண்டிருந்தார்கள்!

இன்னொரு செய்தியும் உண்டு. மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நாட்டையே மூடி நிற்கும் செம்பனை, மலாயாவுக்கு முதலில் எதற்காக வந்தது தெரியுமா? அழகுக்காக! கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ஹென்ரி ஃபோகோனியர் என்ற பிரெஞ்சுக்காரர், 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை அலங்கார மரமாகத்தான் நட்டார். பிறகு 1917-ல், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியுள்ள பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில், நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. பால்மரமும் அப்படித்தான், 1877-ல் 22 சிறு கன்றுகளாகச் சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்து இறங்கியது. ஆகவே வாசலில் வைக்கும் ஒரு செடியைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வீட்டுக்குள் போவோம்.

பொங்கலுக்கு எப்படியும் வீட்டைக் கழுவுகிறோம். அதோடு ஒரே ஒரு சுவரை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். வெளிர் நிறச் சாயம் சின்ன டின் ஒன்று போதும். அந்தச் சுவரில் கண்ணுயரத்தில் ஒரு பலகை அடியுங்கள். பலசரக்குக் கடையில் தூக்கிப் போடும் மரப்பெட்டியைப் பிரித்தாலே பலகை கிடைக்கும். மணல்தாள் போட்டுத் தேய்த்தால் கையில் சிலாம்பு ஏறாது. பரிசுக் கோப்பை அங்கே உட்காரட்டும். கீழே ஒரு மேசை. மேசை இல்லையென்றால் ஒரு பாய். “இது என் படிக்கிற இடம்” என்று பிள்ளை சொல்ல ஒரு மூலை இருந்தால், புத்தகம் தானாக அங்கே போய்ச் சேரும்.

கிழிந்த சேலை, பழைய சாரோங் எல்லாவற்றையும் எறிந்துவிடாதீர்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று மூன்றாகச் சடை பின்னி, வட்டமாகச் சுருட்டித் தைத்தால் நல்ல கால்மிதி. பாட்டி பின்னட்டும், பேத்தி தைக்கட்டும், அப்பா நூல் கோக்கட்டும். தோட்டத்தில் கழித்துப் போட்ட பழைய மங்கு கிடைத்தால் கேட்டு வாங்கிக் கழுவி, கார்த்திகை விளக்குக்குத் தட்டாக வையுங்கள். தென்னங்குருத்தோலையில் தோரணமும் ஓலைப்பந்தும் பின்னத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். மலாய் அண்டை வீட்டார் கெத்துப்பாட் பின்னுவதும் இதே ஓலையில்தான். நீங்கள் தோரணம் சொல்லிக் கொடுங்கள். அவர்களிடம் கெத்துப்பாட் கற்று வாருங்கள்.

இனி கொல்லைக்கு வருவோம். மண் இருப்பவர்கள் ஒரு கட்டில் அளவுக்குப் பாத்தி கட்டினால் போதும். தண்டுக்கீரை விதை பொடியானது. ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. ஏறக்குறைய நாலு வாரத்தில் பறிக்கலாம். வெண்டை விதையை இரவு ஊற வைத்து ஊன்றுங்கள். இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். பசாரில் வாங்கிய பசளைக்கீரையின் இலையைக் கிள்ளிக்கொண்டு, தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் அதுவே கொடியாகும். விதைக்காசுகூட இல்லை! தை, மாசி வெயிலில் காலையிலோ மாலையிலோ தண்ணீர் ஊற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் இரண்டும் செடிக்கு நல்லவை.

அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். மைலோ டின்னின் அடியில் ஆணியால் ஐந்தாறு துளை போட்டு, கொஞ்சம் கூழாங்கல் பரப்பி, இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய குப்பை கலந்து நிரப்புங்கள். மிளகாய், துளசி, பாண்டான், கறிவேப்பிலை எல்லாம் அதில் துளிர்க்கும். கறிவேப்பிலை பெரிதானதும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் தொட்டி வைக்காதீர்கள். காற்றில் விழுந்தால் கீழே நடப்பவர் தலை என்ன ஆகும்? அஞ்சடியிலும் பொது நடைபாதையிலும் ஆள் போக வழி விடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால், டிங்கி கொசுவை நாமே வளர்ப்பதாகும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், தட்டையும் பழைய டின்னையும் கவிழ்த்துத் தேய்த்து விடுங்கள். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு. அபராதத்தைவிடக் காய்ச்சல் கொடியது.

இந்த வேலைகளில் அப்பாக்களுக்கும் பங்கு உண்டு. “அது பொம்பளைங்க வேலை” என்று ஒதுங்கக் கூடாது. பலகை அடிக்கிற தகப்பனாரிடம் பிள்ளை அளவு பார்க்கக் கற்கிறான். விதை ஊன்றுகிற தாயிடம் காத்திருக்கக் கற்கிறான். கணக்கும் அறிவியலும் அங்கேயே ஆரம்பமாகிவிடுகின்றன.

வீடு மாற நேர்ந்தால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் முருங்கைக் கொம்பு ஒன்றை வெட்டி எடுத்துப் போகலாம். ஒரு முழத்துக்கும் மேல் நீளமாக, கைத்தடிமனில் இருந்தால் புது மண்ணிலும் வேர் பிடிக்கும். கறிவேப்பிலையின் வேர்க்கன்று ஒன்றைத் தொட்டியில் கொண்டுபோகலாம். மஞ்சள் கிழங்கைத் துணியில் முடிந்துகொள்ளலாம். அம்மாவின் கைப்பின்னலும் அப்பாவின் கைவேலையும் பிள்ளையோடு கூடவே போகும்.

மாணவமணிகளே, வரும் தைப்பொங்கலுக்குள் ஆளுக்கு ஒரு செடி வளர்த்துப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். யார் வீட்டுச் செடி, யார் நட்டது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள். பெற்றோர்களே, அந்தச் செடிக்கு வேண்டிய ஒரு டின்னையும், அதற்கு உதவ அரை மணி நேரத்தையும் உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். இதை உங்கள் எல்லோரிடமும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.