பெண்டியம் சொன்ன தப்புக் கணக்கு



1990களின் நடுவில் கணினி வாங்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி, “பெண்டியமா?” என்பதுதான். 286, 386, 486 என்று எண்களால் அழைக்கப்பட்ட நுண்செயலிகளுக்குப் பிறகு, 1993 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஐந்தாம் தலைமுறை அது. வெறும் எண்ணை வணிக முத்திரையாக்கி உரிமை கொண்டாட முடியாது என்பதால் பெயர் சூட்டினார்கள். 486இல் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள். பெண்டியத்தில் 31 லட்சம். ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகளை நிறைவேற்றவும் அதனால் முடிந்தது.

ஆனால், அது சில வகுத்தல் கணக்குகளுக்குத் தவறான விடை தருவதை 1994இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். சில்லுக்குள் பதித்த வாய்பாட்டில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. சாதாரணப் பயனீட்டாளருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பிழை நேரும் என்றது இன்டெல். தேவையை நிரூபிப்பவருக்கே மாற்றுச் சில்லு என்றும் சொன்னது. மக்கள் கொதித்தார்கள். ஐபிஎம் பெண்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20ஆம் தேதி இன்டெல் இறங்கி வந்தது. கேட்டவருக்கெல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. செலவு 475 மில்லியன் அமெரிக்க டாலர்.

அதன் பிறகு, சோதித்துப் பார்ப்பதோடு நில்லாமல், வடிவமைப்பு சரியென்று கணித முறையில் நிறுவும் வழக்கம் சில்லுத் தொழிலில் வலுப்பெற்றது.

1972 முதல் இன்டெல் ஆலை இயங்கும் பினாங்குக்குச் சில்லுகள் புதிதல்ல. ஆலையில் எத்தனை கவனமாகச் சோதித்தாலும், வரைபடத்திலேயே இருக்கும் பிழை எளிதில் சிக்காது.

2023இல் புதிய மடிக்கணினிகளிலிருந்து பெண்டியம் பெயர் விடைபெற்றது. பாடம் விடைபெறவில்லை: காசு கொடுத்து வாங்கியவரிடம், “உனக்கு இவ்வளவு சரியாக இருந்தால் போதும்” என்று விற்றவர் முடிவு செய்ய முடியாது.