புதுச்சேரி: அதிகாரம் யார் கையில்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சார், புதுச்சேரி மாநிலமா, யூனியன் பிரதேசமா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பேச்சில் எல்லாரும் மாநிலம்னுதான் சொல்றோம். சட்டப்படி அது யூனியன் பிரதேசம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. நம் சட்டப்பேரவை, 1963-ல் நாடாளுமன்றம் இயற்றிய யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தால் வந்தது.

பேரவைக்கு மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர்: புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகே, ஏனாமுக்குத் தலா 1. மேலும் மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, இந்தப் பேரவைக்கு என்ன அதிகாரம்? மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ள விஷயங்களுக்குச் சட்டம் இயற்றலாம். ஆனால் அதே விஷயங்களில் நாடாளுமன்றமும் நமக்குச் சட்டம் போடலாம். இரண்டும் மோதினால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். பட்ஜெட்டைப் பேரவையில் வைக்கும் முன்பே டெல்லியின் அனுமதி வேணும். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். அவசரம் என்றால் முடிவு வரும்வரை ஆளுநரே நடவடிக்கை எடுக்கலாம்.

அதனால்தான் மாநில அந்தஸ்து கேட்டு நம் பேரவை பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் மேலே பார்த்துக் கேட்கிற நாம், கீழேயும் கொஞ்சம் பார்க்கணும்.

இங்கே 1968-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 2006-ல்தான் நடந்தது. முப்பத்தெட்டு வருஷம்! அதில் வந்தவர்களின் பதவிக்காலமும் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவிச்சும் நின்னுபோச்சு. தெருவிளக்கு எரியலைன்னா வார்டு உறுப்பினரைக் கேட்கணும். அப்படி ஒருத்தர் இல்லாத வருஷங்களில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் நின்றோம். எம்.எல்.ஏ. சட்டம் செய்வாரா, சாக்கடை பார்ப்பாரா?

டெல்லியிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் நகராட்சிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் நம்மிடம் கேட்க உரிமை உண்டு. தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களில் சிலர் அதிகாரியாக, சிலர் உறுப்பினராக வரப்போகிறீர்கள். மேலிருந்து வாங்கும் அதிகாரத்தில் பாதியையாவது கீழே இறக்கி வையுங்கள்.