படத்துண்டும் எழுத்துத்துண்டும்



படமொன்றைக் கட்டங்களாகப் பகுத்துக் கலைத்து, மீண்டும் பொருத்தச் சொல்லும் விளையாட்டை வகுப்பறைகளில் கண்டிருக்கிறோம். இன்று அதற்குக் கத்தரிக்கோல் வேண்டா. உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சில வரிகளிலேயே அப்பணியை முடித்துவிடும். படம் கணினியை விட்டு வெளியே செல்ல வேண்டுவதுமில்லை. மாணவர் கையெழுத்தைப் பயன்படுத்துவோர்க்கு இது நல்ல செய்தி.

முறை எளிது. கேன்வஸ் என்னும் வரைபரப்பில், டிராஇமேஜ் என்னும் கட்டளைக்குப் படத்தையும் எட்டு எண்களையும் தருகிறோம். முதல் நான்கும் மூலப்படத்தில் எங்குத் தொடங்கி எவ்வளவு அகல உயரம் எடுப்பது என்பதைச் சொல்லும். அடுத்த நான்கும் அத்துண்டை எங்கே, எந்த அளவில் வரைவது என்பதைச் சொல்லும். கட்டந்தோறும் இதனைத் திரும்பச் செய்தால் துண்டுகள் ஆயத்தம். 1000 பிக்சல் அகலத்தை மூன்றாக வகுத்தால் மீதி ஒன்று வரும். 333, 333, 334 எனக் கடைசித் துண்டுக்கு அதனைக் கொடுத்துவிடலாம்.

யானைப் படத்திற்கு இவ்வளவே போதும். துதிக்கை இரண்டாய்ப் பிரிந்தாலும் யானை வேறு விலங்காகிவிடாது. படத்தில் இருப்பது தமிழ்ச்சொல்லாயின் நிலைமை வேறு. ஒகர உயிர்மெய்யில் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் நிற்கின்றன. 'பொட்டு' என்னும் சொற்படத்தில் ஒற்றைக்கொம்பையடுத்து வெட்டு விழுந்தால், வலப்பக்கம் எஞ்சுவது 'பாட்டு'. 'பல்' என்பதன் மேற்பகுதியில் கிடைக்கோடு சென்றால், புள்ளி மேல்துண்டோடு போய்விடும்; கீழே நிற்பது 'பல'. பொருளற்ற வடிவமாயின் குழந்தை ஐயுற்று வினவும். இவையோ நல்ல தமிழ்ச்சொற்கள்! எழுத்தறியத் தொடங்கும் ஏழு வயதுப் பிள்ளை தயங்காமல் படித்து மனத்திற் கொள்ளும். நம் கவலை இதுவே.

ஆகவே, சொற்படங்களுக்குச் சம அளவுக் கட்டம் என்னும் விதியைக் கைவிடலாம். கிடைவெட்டு வேண்டா, நெடுவெட்டும் எழுத்தெல்லையில் மட்டுமே விழட்டும். எல்லையைக் கணினியிடமே கேட்கலாம் என்றாலும், கேட்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். 'தமிழ்' என்பதன் நீளம் யாதென வினவினால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதே காரணம். இன்டில் செக்மென்டர் என்னும் கருவி அதே சொல்லை மூன்று எழுத்தாகவே பகுக்கும். முதலெழுத்து வரை, இரண்டாம் எழுத்து வரை என மெஷர்டெக்ஸ்ட் கட்டளையால் அகலங்களை அளந்தால் வெட்டும் இடங்கள் கிடைத்துவிடும்.

நிரலே எழுதிய சொல்லுக்குத்தான் இவ்வழி உதவும். கையெழுத்துப் படமாயின், வெட்டுக்கோட்டை ஆசிரியரே விரலால் நகர்த்தி வைக்குமாறு நிரலை அமைத்தல் வேண்டும்.