முதலில் ஆணிப்பலகை, பிறகு மெஷின்

(கற்றல் கற்பித்தல் துணைக்கருவிகள் தயாரிப்புப் பயிலரங்கில், ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எண்ணும் எழுத்தும் வகுப்புகளுக்காக நீங்கள் செய்து எடுத்து வந்த பொருள்களைக் காலையில் பார்த்தேன். பெரும்பாலும் அட்டையில் செய்தவை. தேநீர் இடைவேளையில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அட்டை ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை ஐயா. வீட்டிலேயே மரத்தில் செய்யலாம் என்றிருக்கிறோம். என்ன மெஷின் வாங்கலாம்?" இன்றைய உரையை அந்தக் கேள்விக்கான பதிலாகவே வைத்துக்கொள்கிறேன்.

என்ன மெஷின் என்று கேட்பதற்கு முன், அடுத்த ஓராண்டில் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆணிமணிச் சட்டம், வரிசைக்கு ஐந்தாக இருபத்தைந்து ஆணிகள் அடித்த ஆணிப்பலகை, பின்ன வட்டங்கள், எழுத்து வடிவங்கள், சிறு தராசு. பெரும்பாலோர் பட்டியலில் இவைதாம் இருக்கும். இவற்றில் கட்டில் இல்லை, கதவு இல்லை. ஆகவே கட்டிலும் கதவும் செய்கிறவருக்கான மெஷின் உங்களுக்குத் தேவையில்லை. கடைக்காரருக்கு இந்தப் பட்டியல் தெரியாது. அவர் தம்மிடம் இருப்பதைத்தான் காட்டுவார்.

இப்போது பட்டியலைப் பாருங்கள். எல்லாவற்றிலும் துளை வருகிறது. எனவே முதலில் வாங்க வேண்டியது ட்ரில்லிங் மெஷின். 500 அல்லது 600 வாட் போதும். விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்ற வேண்டும், பின்னோக்கியும் சுற்ற வேண்டும். இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். சுவரில் துளையிடும் சுத்தியல் வசதி இருந்தால் வீட்டுக்கு உதவும். ஆனால் மரத்தில் வேலை செய்யும்போது அந்தத் திருகை மறக்காமல் சாதாரணத் துளைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மெஷினைவிட அதில் மாட்டும் பிட்டில் கவனம் வையுங்கள். மரத்துக்கென்றே நடுவில் சிறு கூர்முனை வைத்த பிட் கிடைக்கிறது. குறித்த புள்ளியை விட்டு அது வழுக்கி ஓடாது. ஆணிமணிச் சட்டத்தில் கம்பிகள் கோணலாக நிற்பதற்குப் பெரும்பாலும் மெஷின் காரணமில்லை, வழுக்கிய பிட்தான் காரணம். பலகைக்கு அடியில் ஒரு கழிவுக் கட்டையை வைத்துத் துளையிட்டால் மறுபுறம் பிய்ந்து சிலாம்பு எழாது. சிலாம்பு குழந்தையின் விரலில் ஏறும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரியில் ஓடும் ட்ரில் வாங்கலாமா என்று ஓர் ஆசிரியை கேட்டார். திருகாணி முடுக்குவதுதான் அதிக வேலை என்றால், பள்ளியில் பிளக் பாயின்ட் வகுப்பறைக்குத் தொலைவில் இருக்கிறது என்றால், 12 வோல்ட் போதும். அதன் கழுத்தில் எண் போட்ட வளையம் ஒன்று இருக்கும். சிறிய எண்ணில் வைத்துத் தொடங்கினால் திருகாணியின் தலை தேயாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எந்த நிறுவனத்தின் பேட்டரியை வாங்குகிறீர்களோ, அடுத்த கருவியையும் அங்கேதான் வாங்க வேண்டியிருக்கும். ஒருவருடைய பேட்டரி இன்னொருவருடைய மெஷினில் பொதுவாகப் பொருந்தாது.

இரண்டாவது ஜிக்சா. பின்ன வட்டமும் எழுத்து வடிவமும் வளைவுகள்தாமே. இதன் பிளேடு பெரும்பாலும் மேலேறும்போது அறுக்கும். அதனால் பலகையின் மேல்முகம்தான் பிய்யும். நல்ல முகத்தைக் கீழே வைத்து, பின்புறத்தில் வரைந்து அறுங்கள். எழுத்தாக இருந்தால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரைய வேண்டும். நான் ஒருமுறை 'க' வரிசை முழுவதையும் நேராகவே வரைந்து அறுத்துவிட்டு, நல்ல முகத்தைத் திருப்பிப் பார்த்து விழித்திருக்கிறேன். ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட தடிமனில் வளைவை அறுத்தால் பிளேடு உள்ளே சாய்ந்து போகும். ஒட்டுப்பலகைக்கு நுண்பல் பிளேடு வாங்குங்கள்.

மூன்றாவது, உப்புத்தாள் தேய்க்கும் மெஷின். வட்டத்தகடு வைத்தது வேகமாகத் தேய்க்கும், ஆனால் அதற்கென்று தனித் தாள் வாங்க வேண்டும். நாலில் ஒரு பங்கு தாளை மாட்டுகிற சதுர மெஷினுக்குத் தெருமுனைக் கடைத் தாள் போதும். நம் வேலைக்கு நான் சதுரத்தையே சொல்வேன். 80, 120, 180 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். இதற்கு முகமூடி கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. வெறும் கைக்குட்டை போதாது, என்95 அணியுங்கள். சமையலறையிலோ பிள்ளைகள் படுக்கும் அறையிலோ தேய்க்காதீர்கள்.

இனி, வாங்க வேண்டாதது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில் நான் முதலில் வாங்கியது நாலங்குல கிரைண்டர். "இது ஒன்று இருந்தால் போதும், அறுக்கலாம், தேய்க்கலாம், எல்லாம் செய்யலாம்" என்றார்கள். விலையும் குறைவு. மரம் அறுக்கும் பல்தகட்டை மாட்டினேன். தகட்டை மறைக்கிறது என்று காப்புக் கவசத்தைக் கழற்றி வைத்தேன். பலகையின் மறுமுனையை என் எட்டு வயது மகள் பிடித்துக்கொண்டிருந்தாள். பல் ஒரு கணுவில் மாட்டியது. அந்த மெஷின் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றக்கூடியது. அது என் கையை விட்டுத் துள்ளியதை நான் பார்க்கவே இல்லை, கீழே விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தேன். இடது கட்டைவிரலில் ஏழு தையல். நுனியில் இன்றும் உணர்ச்சி இல்லை. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் நின்ற இடத்துக்கும் மெஷின் விழுந்த இடத்துக்கும் இடையே இரண்டடி இருந்தது. கிரைண்டர் உலோகம் தேய்க்கப் பிறந்தது. அதில் மரம் அறுக்கும் தகட்டை மாட்டாதீர்கள். பலகையைப் பிடிக்க ஆளைக் கூப்பிடாதீர்கள், சி கிளாம்ப் நான்கு வாங்குங்கள். ட்ரில் வாங்கும் அன்றே அதையும் வாங்குங்கள்.

டேபிள் ரம்பமும் இப்போது வேண்டாம். நேராக அறுக்க வேண்டிய ரீப்பர்களை மரக்கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிக்கொள்ளலாம்.

மின்சாரம் பற்றி அறிவியல் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது கொல்லர் தெருவில் ஊசி விற்பது. ஆனாலும் சொல்கிறேன். மெஷினின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது, இரண்டு முள் பிளக்கோடுதான் வரும். மூன்று முள்ளோடு வந்ததில் எர்த் முள்ளை ஒடித்துச் செருகாதீர்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், அடுத்த மெஷினுக்கான பணத்தில் முதலில் அதை மாட்டுங்கள். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுவதும் பிரித்துப் போட்டுப் பயன்படுத்துங்கள், சுருளாக இருந்தால் சூடேறும்.

கையுறை போடலாமா என்று ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சுழலும் கருவிக்குக் கையுறை கூடாது. துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி மட்டும் போடுங்கள்.

உங்கள் மேசைகளில் ஆளுக்கொரு ஒட்டுப்பலகைத் துண்டு வைத்திருக்கிறோம். ஒன்பது அங்குலச் சதுரம். ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு, இரண்டு அங்குல இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து புள்ளிகள் குறியுங்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். நான்கு நான்கு பேராக ட்ரில் இருக்கும் மேசைக்கு வாருங்கள்.